ஒன்றின் மேல் ஒன்று

2023 கடைசியில் இந்தப் பத்திரிகையில் வந்த என் எட்டு வரிக் கவிதை ஒன்றை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அச்சான கவிதையை வாபஸ் வாங்குவது நடைமுறையில் எப்படி என்று எனக்குத் தெரியாது. முன்னூறு பிரதிகள் போயிருக்கும். அவற்றில் பாதி இன்னும் பிரிக்கப்படாமலே இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். இருந்தாலும் நாலைந்து நண்பர்கள் நல்ல வார்த்தை சொன்னார்கள். ஒருவர் கார்டு போட்டிருந்தார். அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். கவிதை சரியாக அமையவில்லை என்பது என் புகார் அல்ல. கவிதை சரியாகவே அமைந்திருந்தது. அதில் நடந்ததாகச் சொன்ன விஷயம்தான் நடக்கவில்லை.

கவிதையில் ஒரு கிளை. கிளையில் இரண்டு பச்சைப் பிராணிகள். பெரியது சின்னதின் மேல் கையைப் போட்டு, தாடையை அதன் முதுகில் சாய்த்துத் தூங்குகிறது. வெவ்வேறு வீட்டிலிருந்து வந்தவை, பொதுவாக ஒரு பாஷை இல்லாதவை, சத்திரத்துத் திண்ணையில் ராத்தங்குகிற வழிப்போக்கர்களைப் போல ஒன்றை ஒன்று சூடேற்றிக்கொள்கின்றன. இப்படிப் போய், ஊர்ப் பெயரைச் சொல்லாமல் சொல்லி முடியும். நண்பர்களுக்குப் பிடித்தது அந்த முடிவுதான். ஊர் கனகம்மாசத்திரம். சென்னையிலிருந்து திருப்பதி போகிற சாலையில், திருவள்ளூரைத் தாண்டித் திருத்தணி வருவதற்கு முன்னால் இருக்கிறது. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1-ந் தேதிதான் ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவிலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. ம.பொ.சி., மங்கலங்கிழார், படாஸ்கர் தீர்ப்பு என்று அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. கோடு நகர்ந்தது, வீடுகள் நகரவில்லை. இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் இன்றைக்கும் இரண்டு பாஷை. என் மனைவி பிறந்த வீடு நகரி பக்கம், தெலுங்கு வீடு. என் கவிதை இந்த ஞாபகங்களையெல்லாம் லேசாகச் சீண்டிவிட்டு, ஒன்றுக்கும் விலை கொடுக்காமல் ஆதாயம் பார்த்துக்கொண்டது என்று இப்போது தோன்றுகிறது.

கிளையில் உண்மையில் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

பிராணிகள் இக்வானா என்கிற வகை. மெக்சிகோவிலிருந்து பிரேசில் வரைக்கும் உள்ள காடுகளில், தண்ணீருக்கு மேல் சாய்ந்த மரங்களில் வாழ்கிறவை. பார்க்க உடும்பும் ஓணானும் சேர்ந்து பெற்றது போலிருக்கும். உடும்பைப் போல மாமிசம் தின்னாது, முழுச் சைவம். என் அக்கா மகன் சென்னையில் வேலை பார்த்தபோது 2018-ல் ஒன்றை வாங்கி வளர்த்தான். 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், இம்மாதிரி வெளிநாட்டுப் பிராணிகளை வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாக வந்து சொன்னால் காகிதம் கேட்பதில்லை என்று அறிவித்தபோது பெயர் பதிந்துகொண்டான். தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தபடியே வேலை என்று ஆனதும் கூண்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். 2022-ல் அவன் வெளிநாடு போனான், பிராணி தங்கிவிட்டது. "மாமா, நீங்கதான் வீட்ல சும்மா இருக்கீங்க" என்றான். எழுத்தாளனைப் பற்றி உறவினர்களுடைய அபிப்பிராயம் எப்போதுமே தெளிவானது.

பின்கட்டில் ஆடு கட்டியிருந்த கொட்டகையை வலையடித்து, நடுவில் ஒரு வேப்பங்கிளையை இரண்டு சுவருக்கும் முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். திருத்தணி வெயில் கோடையில் தினசரி வானிலை அறிக்கையில் இடம்பெறுகிற வெயில். அது இந்தப் பிராணிக்கு ஒத்துக்கொண்டது. மார்கழி ராத்திரிகளுக்கு மட்டும் ஒரு பல்பு. முருங்கைக்கீரை, அகத்தி, செம்பருத்தி இலையும் பூவும், கொஞ்சம் பூசணி. வீட்டுச் செலவில் அது ஒரு செலவே இல்லை. பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "பெத்த தொண்ட" என்று சொல்லிவிட்டுப் போனாள். தெலுங்கில் தொண்ட என்றால் ஓணான். வகைப்பாட்டில் அவள் அதிகம் தவறவில்லை.

அது தனியாக இருப்பதாக எனக்கு ஒரு எண்ணம். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு யோசித்தேன். அது கிளையில் அசையாமல் மணிக்கணக்கில் இருந்தது. மனிதன் அப்படி இருந்தால் ஏதோ துக்கம் என்போம். நான் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வலைக்குள் மாட்டிவைத்தேன். அன்று பகல் முழுவதும் அது கண்ணாடியைப் பார்த்து ஓயாமல் தலையாட்டிக்கொண்டிருந்தது. கீரையைத் தொடவில்லை. பேச ஆள் கிடைத்த சந்தோஷம் என்று நினைத்து, ஒரு வாரம் கண்ணாடியை எடுக்காமல் விட்டேன்.

2023 ஆகஸ்டில் இரண்டாவது வந்தது. மருமகனின் சிநேகிதன் வீடு மாறுகிறவன், வைத்துக்கொள்ள முடியாதவன். பெண் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பெரியது நாலரை அடி, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வந்தது மூன்றடி, ஒரு கிலோ முன்னூறு. அன்று சாயங்காலமே கொட்டகைக் கதவைத் திறந்து உள்ளே விட்டேன். வேண்டியதெல்லாம் இருந்தது: ஒரு கிளை, ஒரு தட்டு, ஒரு பல்பு. காலையில் கிழக்கு வலையின் வழியாக வெயில் உள்ளே வந்து கிளையின் மேல் ஒரு முழ நீளத்துக்கு விழும். அந்த ஒரு முழத்தைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை.

நான் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பெரியது தலையை மேலும் கீழும் ஆட்டியது. நம் பக்கத்தில் தலையை மேலும் கீழும் ஆட்டினால் ஆமாம், வாருங்கள். பிறகு நாலு காலில் எம்பி நின்று, உடம்பைப் பக்கவாட்டில் தட்டையாக்கிக்கொண்டு, தொண்டைத் தோலை விசிறி மாதிரி இறக்கிக் காட்டியது. தன்னை அழகு செய்துகொள்கிறது என்று எடுத்துக்கொண்டேன். சின்னது கிளையோடு கிளையாக ஒட்டிப் படுத்தது. பெரியது இருந்த பக்கத்துக் கண்ணை மட்டும் மூடிக்கொண்டது. நம்பிக்கை இல்லாவிட்டால் கண்ணை மூடுமா என்று நினைத்தேன். அதன் பச்சை மங்கிப் பழுப்பாயிற்று. சாந்தமாகிறது என்று நினைத்தேன். நாலு வாக்கியத்தில் நாலு பிழை. என் பள்ளிக்கூட நாட்களில்கூட இந்த விகிதம் கிடையாது.

ஒரு வாரத்துக்குள் அவை ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க ஆரம்பித்தன. எப்போதும் பெரியதுதான் மேலே. எப்போதும் அந்த ஒரு முழத்தில். கவிதை வந்துவிட்டது. பல வருஷங்களாக இவ்வளவு லகுவாக ஒன்றும் வந்ததில்லை.

அனுப்புவதற்கு முன்னால் மனைவியிடம் படித்துக் காட்டினேன். இது எங்கள் வீட்டில் அபூர்வம். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, "அது கட்டிக்கினு தூங்கல. அமுக்கிக்கினு இருக்குது" என்றாள். நான் கவிதையில் வருகிற பிராணிகளைப் பற்றி ஏதோ விளக்கம் சொன்னேன். "நீங்க கவிதையச் சொல்றீங்க, நான் அதைச் சொல்றேன்" என்றாள். மறுநாள் கவரில் போட்டு அனுப்பினேன். அவள் சொன்ன பிறகும் அனுப்பினேன் என்பதுதான் நான் இங்கே எழுத வேண்டியது. தெரியாமல் எழுதியதற்கு யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

பனி ஆரம்பித்ததும் பெரியதின் முன்னங்கால்களிலும் முதுகு முட்களிலும் ஆரஞ்சு நிறம் ஏறியது. அதையும் நான் வேடிக்கை பார்த்தேன். தை பிறந்து சில நாட்கள் கழித்து ஒரு விடியற்காலையில் கொட்டகையில் தகரம் உருளுகிற சத்தம். போய்ப் பார்த்தால் தரையில் ஒரு சாண் வால் தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது. சின்னது வலையின் மூலையில் தொங்கியது, தோள்பட்டையில் பல் பதிந்த காயம். பெரியது கிளையில், அந்த ஒரு முழத்தில், வெயில் வருவதற்காகக் காத்திருந்தது. அந்த வாரத்தில்தான் நண்பரின் கார்டு வந்தது. கவிதையில் உள்ள "பரஸ்பர உஷ்ணம்" பற்றிச் சிலாகித்து எழுதியிருந்தார்.

எங்கள் ஊர் மாட்டு டாக்டர் நேர்மையானவர், தனக்கு இது தெரியாது என்று கும்பிட்டுவிட்டார். சென்னையில் ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த ஒரு மருத்துவரிடம் இரண்டையும் கூடையில் போட்டுக் கொண்டுபோனோம். அவர் சின்னதைப் புரட்டி, பின்னந்தொடையின் அடியில் வரிசையாக இருந்த துவாரங்களைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் மெழுகு போல ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. பெண்ணுக்கு இது சின்னப் புள்ளியாக இருக்கும், ஆணுக்கு இப்படி. நடக்கிற இடமெல்லாம் இந்த மெழுகு தேய்ந்து, இது என் இடம் என்று வாசனையாக நிற்கும். "ரெண்டுமே ஆண் சார்" என்றார். என்னை அவர் திட்டவில்லை, மூன்று கேள்வி கேட்டார். எத்தனை தட்டு? வெயில் காய எத்தனை இடம்? மாசாமாசம் எடை எவ்வளவு? முதல் இரண்டுக்கும் ஒன்று என்றேன். மூன்றாவதற்குப் பதில் இல்லை. என்னிடம் கவிதை இருந்தது, எடை இல்லை. தராசில் வைத்தார். ஒரு கிலோ இருபது கிராம். ஐந்து மாதத்தில் உடம்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தது.

அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். இந்தப் பிராணியின் உடம்புக்குத் தானாகச் சூடு கிடையாது. வெயிலில் காய்ந்தால்தான் தின்ற இலை வயிற்றில் புளித்துச் செரிக்கும். அதனால் வெயில் விழும் இடமும் சாப்பாடுதான். பெரியது மேலே படுத்துக்கொண்டால் வெயில் அதன் முதுகில் விழும், சின்னதுக்கு நிழல்தான் மிஞ்சும். நகர்ந்து போகலாமே என்றால், போவதற்கு வேறு வெயில் இல்லை. தட்டுக்கு இறங்கலாமே என்றால், தட்டு கிளைக்கு நேர் கீழே, மேலேயிருந்து பார்வை படும் இடத்தில். கடிக்க வேண்டிய அவசியமே பெரியதுக்கு ஐந்து மாதம் ஏற்படவில்லை. பார்த்தாலே போதுமானதாக இருந்தது. தலையாட்டல் மெதுவாக, ஒன்றிரண்டு தரம் என்றால் நான் இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். வேகமாக, பக்கவாட்டு உதறலோடு என்றால் நீ இங்கே இருக்காதே. கண்ணாடி மாட்டிய அந்த ஒரு வாரம் அது போகாத ஓர் எதிரியை இடைவிடாமல் மிரட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது காரில் மனைவியிடம் கேட்டேன், உனக்கு எப்படித் தெரிந்தது என்று. அவள் மடியில் கூடை இருந்தது.

"தட்டப் பாத்தேன். பெரிசு எழுந்து போற வரைக்கும் சின்னது எறங்காது. அது போறதுக்குள்ள கீரை வாடிடும்."

கொஞ்ச தூரம் போனதும் அவளாகவே சொன்னாள். "உங்க அம்மா இருந்த வரைக்கும் நான் தெலுங்கு பேசினது கெணத்தடியில மட்டும்தான். யாரும் அடிக்கல, ஒண்ணும் சொல்லல. நீங்க ஊரெல்லாம் போய் ரெண்டு பாஷை வீடுன்னு பேசினீங்க."

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. திருவள்ளூர் தாண்டியிருந்தோம். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மனிதனுடைய அனுபவத்தைக் கொண்டு பிராணியைப் படிக்கக் கூடாது என்று விஞ்ஞானம் படித்தவர்கள் சொல்கிறார்கள். ஓரளவுக்கு நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவளும் மனித அனுபவத்தைக் கொண்டுதான் படித்தாள், சரியாகப் படித்தாள். என் உவமையிலும் மனிதர்கள், அவள் உவமையிலும் மனிதர்கள். வித்தியாசம், அவள் தட்டைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு கிடைத்ததைப் படித்தேன். படித்ததில் ஒன்று என்னைச் சங்கடப்படுத்தியது, ஏனென்றால் அது என் கவிதைக்குச் சாதகமாக இருந்தது. பனாமாவில் காதுன் ஏரியில், பாரோ கொலராடோ தீவை ஒட்டிய ஒரு சின்னத் திட்டில், இக்வானாக்கள் கூட்டமாக வந்து முட்டையிடுகின்றன. கோர்டன் பர்கார்ட், ஹாரி கிரீன், ஸ்டான்லி ராண்ட் மூவரும் அங்கே குஞ்சுகள் மண்ணிலிருந்து வெளியே வருவதைக் கவனித்து 1977-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் எழுதினார்கள். குஞ்சுகள் தனித்தனியாக ஓடுவதில்லை. துவாரத்திலிருந்து தலையை நீட்டிச் சுற்றிலும் பார்த்து, ஒன்றுக்காக ஒன்று நின்று, கூட்டமாக நகர்கின்றன. ராத்திரி ஒரே கிளையில் நெருக்கிப் படுக்கின்றன. கூடப் பிறந்ததையும் பிறத்தியாரையும் பிரித்து அறிகின்றன என்று 1987-ல் வேறு சிலர் காட்டினார்கள். ஹெசுஸ் ரீவாஸ், லூயிஸ் லெவின் இருவரும் 2004-ல் எழுதியது இன்னும் விசேஷம்: பருந்து போல ஏதாவது தாக்க வருகிறது என்றால், குஞ்சுகளில் ஆண்கள் தங்கள் உடம்பால் பெண்களை மூடிக்கொள்கின்றன. அண்ணன் தங்கையின் மேல் படுக்கிறான். அப்படியானால் என் எட்டு வரி உலகத்தில் எங்கோ நடக்கிறது. ஒரு வயதில், ஒரு கிளையில், மேலே நிழல் விழும் நேரத்தில்.

இரண்டு நாள் இதை வைத்துக்கொண்டு கவிதையைக் காப்பாற்றிவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. அதே பாவனைதான், அதே கை, அதே தாடை. ஆனால் என் கொட்டகையில் இருந்தவை குஞ்சுகள் அல்ல, இனப்பெருக்கப் பருவத்தில் இருந்த இரண்டு ஆண்கள். கூடப் பிறந்தவையும் அல்ல. மேலே பருந்து இல்லை, வெயில் இருந்தது, அதுவும் ஒரு முழம். காட்டில் தோற்ற ஆண் அடுத்த மரத்துக்குப் போய்விடும். போக இடமில்லாததால்தான் எனக்கு ஒரு படிமம் கிடைத்தது. வலை அடித்தது நான். படிமம் என்று நாம் இவ்வளவு காலம் பேசிவந்ததில் எத்தனை, வலையடித்துப் பெற்றவை என்று ஒரு சந்தேகம் வருகிறது. மற்றவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் பழைய தொகுப்பைப் புரட்டியதில் மூன்று கவிதைகளாவது தேறும்.

வேலியில் இருந்த ஓணான்களைப் பற்றியும் நினைத்துக்கொண்டேன். வைகாசி, ஆனி வாக்கில் ஆணின் தலையும் தொண்டையும் ரத்தமாகச் சிவக்கும். வேலிக்காலில் ஏறித் தண்டால் எடுக்கும். எட்டவிருந்தே நம் ரத்தத்தை உறிஞ்சுகிறது என்பது பையன்களின் சித்தாந்தம். ராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் தண்ணீர் கொண்டுவந்தது, ஓணான் மூத்திரம் கொண்டுவந்தது என்று கல்லெறிவதற்கு ஒரு கதையும் இருந்தது. ஈர்க்கில் சுருக்குப் போட்டுப் பிடித்து, அதன் வாயில் மூக்குப்பொடி போட்டு விடுவோம். அது சுழன்று சுழன்று ஆடும். ஓணான் டான்ஸ் என்போம். நானும் செய்திருக்கிறேன். அது தலையாட்டியது எங்களைப் பார்த்து அல்ல, அடுத்த வேலிக்காலில் இருந்த இன்னொரு ஆணைப் பார்த்து என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றியதில்லை. பையன்கள் தங்களைச் சுற்றித்தான் எல்லாம் நடக்கிறது என்று நினைப்பார்கள். கவிகளுக்கு அது வயதானாலும் போவதில்லை.

தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் வேறொரு ஓணான் உண்டு. ஆண் முதுகில் ஒரு நிறப்பட்டை, விலாவில் இன்னொரு நிறம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அனுராதா படாப்யாலும் மரியா தாக்கரும் இதை ஆராய்ந்து 2017-ல் எழுதியிருக்கிறார்கள். பெண்ணைக் கண்டால் ஒரு நிறச் சேர்க்கை, எதிரி ஆணைக் கண்டால் வேறொன்று. பெண்ணுக்குக் காட்டுவதில் நிறங்களின் முரண் அதிகம், எதிரிக்குக் காட்டுவதில் வேகம் அதிகம். ஒரே முதுகு, இரண்டு இலக்கணம். இதை நான் ஒரு பாறையில் உட்கார்ந்து பார்த்திருந்தால், பாறை நாணிச் சிவந்தது என்று எழுதியிருப்பேன்.

குறுந்தொகையில் 140-ஆம் பாட்டு அள்ளூர் நன்முல்லை பாடியது. அதில் சுரத்து வழியில் ஒரு முதிய ஆண் ஓந்தி வருகிறது. அதன் முதுகு அவருக்கு ரம்பமாகத் தெரிகிறது. வழிப்போக்கர்கள் அதை வைத்துச் சகுனம் பார்க்கிறார்கள். முன்பு இந்தப் பாட்டை நான் சகுனத்துக்காக ரசித்தேன். இப்போது வேறு விதமாகப் படுகிறது. ஓந்தியைப் பார்த்தது நன்முல்லை: ஆண், முதியது, முதுகு இப்படி. அர்த்தம் பார்ப்பவர்கள் வழிப்போக்கர்கள். இரண்டு வேலைகளையும் அவர் ஒரே ஆளிடம் கொடுக்கவில்லை.

இனி இரண்டாவது அறிமுகம். முதலில் செய்திருக்க வேண்டியதை ஆறு மாதம் கழித்துச் செய்தேன். கொட்டகையை நடுவில் செங்கல் வைத்துத் தடுத்தோம், ஒன்றை ஒன்று பார்க்க முடியாதபடி. சின்னதின் பக்கத்துக்கு மேற்கில் வலை திறந்து சாயங்கால வெயிலை வாங்கினோம், இரண்டாவது பல்பும் போட்டோம். சாணத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினோம், பூச்சி இருந்தது, மருந்து கொடுத்தோம். 2024-ல் வந்த புதிய விதிகளின்படி இரண்டையும் என் பேரில் பதிவு செய்தேன். வால் மறுபடி முளைத்தது. புதிய வால் கறுப்பு, முள் இல்லை, ஒட்டுப்போட்ட மாதிரி.

பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து ஆளுக்கு ஒரு துண்டு போட்டு, வாரம் ஒரு தரம் மாற்றினேன். பெரியது சின்னதின் துணியை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது, துணியை நோக்கி வேகமாகத் தலையாட்டியது, தொடையை அதன் மேல் தேய்த்துக்கொண்டு நடந்தது. சின்னது மற்றதன் துணி இருக்கும் பக்கத்துக்கே போகவில்லை. ஏழாவது வாரம் பெரியது துணியை மிதித்து, ஒன்றும் செய்யாமல், கிளையில் ஏறிப் படுத்துக்கொண்டது. நோட்டில் தேதி போட்டுவைத்தேன்.

ஆடியில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம். இரண்டுக்குமே அது அந்நிய இடம், ஒன்றின் மெழுகும் அங்கே கிடையாது. இரண்டு மூலையில் இரண்டு கட்டில், இரண்டு தட்டு, நடுவில் ஒளிந்துகொள்ள ஒரு சாக்குப் படுதா. என் கையில் தென்னந்துடைப்பம். மனைவி படிக்கட்டு வாசலில். பெரியது மெதுவாக இரண்டு தரம் தலையாட்டியது. பிறகு நாலடி நடந்து வந்தது. சின்னது தட்டையாகப் படுக்கும் என்று எதிர்பார்த்தேன். அது நாலு காலில் எழும்பி, பக்கவாட்டைத் திருப்பி, தொண்டையை இறக்கி, ஒரே ஒரு தரம் தலையாட்டியது. அது தலையாட்டி அன்றுதான் பார்த்தேன். ஒரு வருஷம் என் வீட்டில் இருந்திருக்கிறது. பெரியது நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தலையைத் திருப்பி, வெயில் எங்கே என்று பார்த்துக்கொண்டு தன் கட்டிலுக்குப் போய்விட்டது.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் திருவாலங்காடு. காளியும் சிவனும் ஆடிப் போட்டியிட்ட தலம், ரத்தின சபை. சிவன் காதிலிருந்து விழுந்த குண்டலத்தைக் கால் விரலால் எடுத்து, காலைத் தலைக்கு மேல் தூக்கிக் காதிலேயே மாட்டிக்கொண்டான், காளியால் அந்தக் காலைத் தூக்க முடியவில்லை, விலகிக்கொண்டாள் என்று கதை. அங்கே முதலில் காளியைக் கும்பிட்டுவிட்டுத்தான் அவனிடம் போக வேண்டும். ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் முடிந்த சண்டை என்று சின்ன வயதில் எனக்கு அதில் ஏமாற்றம். தூக்க முடியாததா, தூக்க விடாத கூச்சமா, அந்தக் கூச்சத்தை அவளுக்குக் கொடுத்தது யார் என்று என் மனைவி ஒரு தரம் கேட்டிருக்கிறாள். கோயில் திண்ணையில் உட்கார்ந்துதான் கேட்டாள். அப்போது நான் பதில் சொல்லவில்லை, புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ரெண்டும் சிநேகமாகிவிட்டதா என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். இல்லை. ஐப்பசி முதல் மாசி வரை மாடிக்குக் கூட்டிப் போவதே கிடையாது, அப்போது செங்கல் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான். மற்ற மாதங்களில் வாரம் ஒரு நாள், அரை மணி, நான் பக்கத்தில் இருக்கும்போது. இரண்டுக்கும் நடுவில் பத்தடிக்குக் குறையாமல் இருக்கும். சில நாள் பெரியது சின்னதைப் பார்த்த பக்கத்துக் கண்ணை மூடிக்கொள்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று எழுதிவைக்கவில்லை. ஒன்றின் மேல் ஒன்று படுப்பதில்லை. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாததால் வருகிறவர்கள் ஐந்து நிமிஷத்தில் இறங்கிப் போய்விடுகிறார்கள்.

காலையில் தட்டு வைப்பது மனைவி. பெரியதின் தட்டை வைத்துவிட்டு வந்துவிடுவாள். சின்னது தின்று முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அதோடு அவள் பேசுவது தெலுங்கில். பெண் என்று நினைத்திருந்த மாதங்களில் "தினவே" என்பாள், இப்போது "தினரா". சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கிறது.

கவிதை எழுதின நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில்தான் எடை எழுதிவருகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ எழுநூற்று அறுபது.